முகத்துக்கான மாத்திரை

முப்பத்தாறு வயதுப் பெண்ணின் முகத்தில் பரு வந்தால் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிடுகிறார்கள். மாடி வீட்டம்மா எண்ணெயை நிறுத்தச் சொன்னார். கூட வேலை செய்யும் பெண் தலையணை உறையைத் தினமும் மாற்றச் சொன்னாள். தூரத்து மாமா ஒருவர், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று போனில் சொன்னார். அவருடைய மூன்று பெண்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த முகங்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பதை அவரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த முப்பத்தாறு வயதுக்காரி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். எண்ணெயை விட்டாள், பாலை விட்டாள், இனிப்பை விட்டாள். முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பரு மட்டும் விடவில்லை.

பரு என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நெற்றியில் வருகிற கடுகு இல்லை. கீழ்த்தாடை ஓரத்திலும் மோவாயிலும் தோலுக்கு அடியில் கொட்டை கொட்டையாக உருளும். துண்டு பட்டால்கூட உயிர் போகும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளம்பி, பழுத்து, வடிந்து, கறுப்பாகத் தழும்பு வைக்கும். தழும்பு மங்குவதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். பதினாறு வயதில் வந்து இருபதில் போன சனியன், இருபத்தொன்பதில் திரும்பி வந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

அவள் வேலை பார்த்தது மூக்குக் கண்ணாடிக் கடையில். நாலு சுவரிலும் நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகத்திலேயே போய் முட்டிக்கொள்ள வேண்டும். அது போதாதென்று, வருகிறவர்களுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, மூக்கின் மேல் சின்ன அளவுகோலை வைத்து, இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். அவள் அவர்கள் கண்ணைப் பார்ப்பாள். அவர்கள் அவள் தாடையைப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒரு அம்மாள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இது தொத்திக்குமா? வேற யாரும் இல்லையா அளக்க?" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே மேனேஜர் அவளைப் பின்னறைக்கு மாற்றினார். உனக்கும் கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று நல்ல வார்த்தை சொல்லித்தான் மாற்றினார். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் இருந்தது. நாள் முழுக்கக் கிரீச் கிரீச்சென்ற சத்தம், தண்ணீர்த் தெறிப்பு, கைவிரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சேறு. அங்கே கண்ணாடி இல்லை. அது ஒன்றுதான் சௌகரியம்.

அவளுடைய அப்பாவை எல்லோரும் கேட்காரர் என்றுதான் சொல்வார்கள். டயர் தொழிற்சாலை வாசலில் இருபத்தொன்பது வருடம் நின்று, ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தவர். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. எதைத் தேடுகிறோம் என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால் ஆள் உஷாராகிவிடுவான். "இதுல என்ன?" என்று மட்டும் கேட்க வேண்டும். பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் அதில் பாதி பொய் என்று வைத்துக்கொண்டால் வேலை சுத்தமாக நடக்கும். அவருக்கு நடந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் பால் வாங்கப் போனால்கூட அவர் அப்படித்தான் பேசினார். நண்பர்கள் இல்லை. இருந்த ஒரே துணையான மனைவியும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இதயம் வீங்கிச் செத்துப்போனாள்.

பின்னறைக்குப் போன பிறகுதான் மகள் தோல் டாக்டரிடம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு களிம்பும் மூன்று மாதத்துக்கான மாத்திரை அட்டைகளும் இருந்தன. அட்டைகளை அப்பாவிடம் நீட்டினாள். இது முகத்துக்கு, தினமும் காலையில் ஒன்று, பலன் தெரிய மூன்று மாதம் ஆகுமாம், ஒரு நாள்கூட விடக்கூடாதாம், அவசரத்தில் நான் மறந்துவிடுவேன், அம்மாவுக்குப் போட்டு வைத்ததுபோல அந்த ஏழு அறை டப்பாவில் எனக்கும் போட்டு வையுங்கள் என்றாள். டாக்டரம்மா நல்ல மாதிரி என்றும் சொன்னாள். முகத்தைப் பார்த்து அருவருப்புப்படாமல் பேசிய முதல் ஆள் என்றாள்.

கேட்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. ஆனால் உருவம் தெரியும். ஓரத்தில் பச்சைக் கோடு, பெயரின் முதல் எழுத்து பாம்புபோல் வளைந்திருக்கும். மனைவிக்குப் பதினோரு மாதம் தினமும் காலையில் தன் கையால் எடுத்துக் கொடுத்த அதே மாத்திரை. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் கிடந்தவளுக்கு, பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரை. அதை முழுங்கிக்கொண்டேதான் அவள் போனாள்.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே கேட்டிருப்பான். கேட்காரர் கேட்கவில்லை. "சரி, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து போட்டு வைக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

"இது எதுக்குக் கொடுக்கறது?"

மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "உடம்புல தேங்குற தண்ணியை இறக்கறதுக்குங்க. ஹார்ட் வீக்கா இருக்கறவங்களுக்கு, பிரஷருக்கு. யாருக்குப் பெரியவரே?"

"சும்மாதான் கேட்டேன்."

என் பெண்ணுக்கு முகத்தில் பரு, அதற்குக் கொடுத்திருக்கிறார்கள், சரியா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் மீதியையும் சொல்லியிருப்பார். விவரம் தெரியாத ஆள் இல்லை அவர். ஆனால் தேடுகிற பொருளின் பெயரைச் சொல்கிற பழக்கம் கேட்காரருக்கு இல்லை. அரைப் பதிலை வாங்கிக்கொண்டு முழுப் பதில் கிடைத்துவிட்டதாக வீட்டுக்கு வந்தார்.

முதலில் மகளுக்கே இதயத்தில் ஏதோ கோளாறு, மறைக்கிறாள் என்று நினைத்தார். நாலு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். அவள் படியேறி வரும்போது மூச்சு வாங்குகிறதா என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். செருப்பைக் கழற்றினால் காலில் வார் பதிந்த தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் திறந்து டாக்டர் சீட்டை எடுத்துப் பார்த்தார். கோழி கிளறியதுபோல் நாலு வரி. ஒன்றும் விளங்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை, காலும் வீங்கவில்லை. ஆகவே கோளாறு மகளிடம் இல்லை, டாக்டரிடம்தான் என்று தீர்மானித்தார். முகத்தில் பரு என்று போனவளுக்கு இதய மாத்திரையைத் தள்ளிவிட்டிருக்கிறாள். தெரியாமல் கொடுத்தாளோ, தெரிந்தே ஆளை வைத்துச் சோதித்துப் பார்க்கிறாளோ, இரண்டும் ஒன்றுதான்.

மகளிடம் சொல்லலாம். சொன்னால் அவள் டாக்டர் பக்கம்தான் பேசுவாள். என் பையையா திறந்தீர்கள் என்று வேறு கேட்பாள். அவர் சொல்லவில்லை. நாலு தெரு தள்ளி இன்னொரு மருந்துக்கடையில், அதே வெள்ளையில், அதே சட்டைப் பொத்தான் அளவில் சத்து மாத்திரை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் உட்கார்ந்து ஏழு அறையிலும் அதைப் போட்டார். அந்த வாரத்துக்கான அசல் மாத்திரைகளைப் பிதுக்கிக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டார். ஒளித்து எடுத்துப் போகிறவர்களை அத்தனை வருடம் பிடித்தவருக்கு ஒளிப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகள் தினமும் டப்பாவைத் திறந்து, பார்க்காமலே வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடினாள்.

முதல் மாதம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் கவலைப்படவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாளாம். தேய்த்துக் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். வெயிலுக்குத் தனியாக ஒரு களிம்பு போட்டாள். எது வந்தாலும் விரலை வைப்பதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சொன்னது சொன்னபடி செய்தாள். ஏமாறுகிறவர்கள்தான் இப்படி ஒழுங்காக இருப்பார்கள்.

இரண்டாவது மாதம் ஒரு நாள் வேலையிலிருந்து சிரித்த முகமாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"புதுக் கிளை திறக்கறாங்கப்பா. முன் கவுன்டருக்கு இன்சார்ஜா ஒரு ஆள் போடணும். மேனேஜர் என் பேரைத்தான் சொல்லியிருக்காராம். முகம் மட்டும் கொஞ்சம் அடங்கட்டும்னு..." என்று இழுத்தவள், தானே முடித்தாள். "டாக்டர் சொன்ன மூணு மாசமும் கிளை திறக்கறதும் ஒண்ணாத்தான் வருது. அதுக்குள்ள அடங்கிடும்."

கேட்காரர் நல்லதும்மா என்றார். அசல் மாத்திரை இன்னும் ஒரு அட்டை மிச்சம் இருந்தது. அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். அட்டையைக் கையில் எடுத்தார். முகம் கெட்டால் பின்னறை. இதயம் கெட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். அங்கே கொண்டுபோய் ஒருத்தியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அட்டையைக் குப்பைக்குக் கொண்டுபோனார்.

மூன்றாவது மாதம் பரு முன்னைவிட மோசமாக வந்தது. இடது தாடையில் நாலு கொட்டை ஒன்றாகச் சேர்ந்து ஒரே வீக்கமாகத் தடித்துக்கொண்டது. வாயைத் திறந்து மெல்ல முடியவில்லை. புதுக் கிளைக்கான பெயர்ப் பலகைகூட வந்துவிட்டது என்று ஒரு நாள் சொன்னாள், அதற்குப் பிறகு கிளையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது. கேட்காரர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகிறவள் உயிரோடு இருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதையே ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளை திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டாக்டரிடம் மறுபடி போகும் நாள் வந்தது. நானும் வருகிறேன் என்றார். மகளுக்கு ஆச்சரியம். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மேஜைமேல் பூதக்கண்ணாடி விளக்கு ஒன்று வளைந்து நின்றது. அதை இழுத்து வைத்து மகளின் தாடையை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். தலை சுற்றல் ஏதாவது இருந்ததா என்று கேட்டாள். இல்லை. அடிக்கடி சிறுநீர் போகிறதா? இல்லை. மாதவிலக்கு முன்னே பின்னே ஆனதா? இல்லை, நாள் தவறாமல் வந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினாள்.

"மாத்திரையை விடாம சாப்பிட்டீங்களா?"

"அப்பாதான் போட்டு வைக்கிறார் டாக்டர். ஒரு நாள்கூடத் தவறல."

"அப்ப டோஸை ரெண்டு மடங்கா ஏத்திப் பார்ப்போம்" என்று டாக்டர் பேனாவை எடுத்தாள்.

கேட்காரர் எழுந்து நின்றார். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது ஒரேயடியாக வெளியே வந்தது.

"நீ ஏத்துவே. ஏத்தாம என்ன பண்ணுவே? என் பொண்டாட்டி இதை முழுங்கித்தான் செத்தா. இதய மாத்திரையை மூஞ்சிக்குக் கொடுத்தா எவனும் கண்டுபிடிக்க மாட்டான்னு நினைச்சியா? அவ ஒண்ணுகூடச் சாப்பிடல. நான் விடல. அத்தனையும் குப்பையில போட்டேன். சத்து மாத்திரைதான் வெச்சேன்."

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவன்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். டாக்டர் பதறவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் அவரைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

ஆண்களுக்கு மீசை தாடி முளைக்க வைக்கிற ஹார்மோன் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு என்றாள். அது தாடைப் பக்கத்து எண்ணெய்ச் சுரப்பிகளைக் கிளறிவிட்டால் இந்த மாதிரி ஆழமாகப் பரு வரும், வெளியிலே என்ன பூசினாலும் முழுதாகப் போகாது, இந்த மாத்திரை அந்த ஹார்மோனுக்குக் கதவை அடைக்கிறது என்றாள். இதயத்துக்கும் கொடுப்பது உண்மைதான், ஒரே மாத்திரைக்கு இரண்டு வேலை, எத்தனையோ வருடமாகப் பெண்களுக்குப் பருவுக்கு இதைக் கொடுத்துவருகிறார்கள், உங்கள் மகளுக்கு ரத்தமும் பிரஷரும் பார்த்த பிறகுதான் எழுதினேன் என்றாள்.

"உங்க சம்சாரத்துக்கும் சரியான மருந்தைத்தான் கொடுத்திருக்காங்க, ஐயா. வீக்கம் குறையறதுக்கு, கொஞ்ச காலம் கூட இருக்கறதுக்கு. மாத்திரை கொல்லல. நோய் கொன்னுச்சு."

கேட்காரர் இதில் பாதி பொய் என்று வழக்கம்போல எடுத்துக்கொள்ளப் பார்த்தார். எந்தப் பாதி என்று பிடிபடவில்லை. மகள் பக்கம் திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தொடக்கூடாது என்று மூன்று மாதம் காத்த தாடையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். வீக்கம் ஒன்று உடைந்து விரலில் ஒட்டியது.

"அப்ப மருந்து எனக்கு ஒத்துக்கலன்னு இல்ல. அப்படித்தானே டாக்டர்?"

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா. இன்னிக்கு ஆரம்பிச்சாலும் மூணு மாசம் ஆகும்."

"பன்னெண்டு நாள்ல ஆகாதா?"

டாக்டர் ஒரு பஞ்சை எடுத்து நீட்டினாள்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம்தான் கிடைத்தது. மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்ல வாய் வரை கொண்டுவந்து வைத்திருந்தார். நாலைந்து நிறுத்தம் தாண்டிய பிறகு அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

"அம்மாவுக்கும் நீங்கதானே போட்டு வெச்சீங்க?"

"ஆமா."

"அசல்தானா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"என்னம்மா கேக்கற? உங்கம்மாவுக்குப் போய் நான்... ஒரு நாள்கூடத் தவறல."

"நானும் அதையேதான் டாக்டர்கிட்ட சொன்னேன்" என்றாள் மகள்.

தலையணை உறையை மாற்றச் சொன்ன பெண் புதுக் கிளைக்கு இன்சார்ஜாகப் போனாள். நல்ல பெண், போகும்போது மகளைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். மகள் பின்னறையில் லென்ஸ் தேய்த்தாள். மாத்திரையைத் தானே வாங்கி வந்து, தன் பெட்டியில் வைத்துப் பூட்டி, தினமும் எண்ணிப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம், வழக்கமாகப் பரு கிளம்புகிற வாரத்தில் நாலு கொட்டை வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தது. மூன்றாவது மாதம் அதுவும் தலை காட்டிவிட்டு அமுங்கிவிட்டது. டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாடி வீட்டம்மா படியில் நிறுத்தி, எண்ணெயை நிறுத்தினால் சரியாகும் என்று நான் அப்போதே சொன்னேனே என்றார்.

பழைய கடையிலேயே மேனேஜர் அவளை முன்பக்கம் உட்கார வைத்தார். மறுபடியும் அளவுகோல், மறுபடியும் நாலு பக்கமும் கண்ணாடி. அவள் மேல் யாரும் குறை சொல்லவில்லை.

முகம் தெளியத் தெளிய வீடு கெட்டது. கேட்காரர் தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு தழும்பு மங்கினால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். மாத்திரை வேலை செய்கிற மாத்திரை என்றால் அதைச் சாப்பிட்ட அம்மாவுக்கு ஏன் கேட்கவில்லை என்று மகள் கணக்குப் போடுவாள். போட்டாள்.

ஒரு நாள் காலையில் தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

"கடைசி ரெண்டு மாசம் அம்மாவுக்குக் கால் திரும்ப வீங்கிச்சே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மாத்திரை சாப்பிட்டா வீக்கம் குறையும்னு டாக்டர் சொன்னாங்க."

நோய் முற்றினால் மாத்திரைக்கும் மிஞ்சிப் போகும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அப்போது அவர் அதை நம்பவில்லை. இவர்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற கதை என்று மகளிடம் அன்றைக்கு அவரே சொல்லியிருந்தார். இப்போது எந்த வாயால் அதை எடுத்துச் சொல்வது?

"கொடுத்தேன்மா. என் கையால கொடுத்தேன். சத்தியமா கொடுத்தேன்."

"சரிப்பா" என்றாள் மகள். பின்னலை முடித்து, கண்ணாடியில் ஒரு தடவை தாடையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பக்கவாட்டில் வெயில் விழுந்த முகத்தில் ஒரு பருகூட இல்லை.

பதினோரு மாதம், ஒரு காலைகூட விடாமல், அந்த மாத்திரையை மனைவி முழுங்கியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். முழுங்கியவளைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.